பெல்ஃபாஸ்ட் கறுப்பு டாக்ஸி சுற்றுலா: மூன்றரை நட்சத்திரம்

டப்ளினில் மகள் வீட்டுக்குப் போன இடத்தில் மருமகன் புக் செய்து கொடுத்தார். பழைய லண்டன் டாக்ஸி, ஒன்றரை மணி நேரம், ஓட்டுநரே வழிகாட்டி. பெல்ஃபாஸ்ட் இருப்பது பிரிட்டனின் கீழுள்ள வட அயர்லாந்தில். அயர்லாந்தோடு சேர விரும்பும் கத்தோலிக்கருக்கும் பிரிட்டனோடு இருக்க விரும்பும் புராட்டஸ்டண்டுகளுக்கும் நடந்த மோதல்தான் சுற்றுலாவின் கதை. நான் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

முதலில் பாம்பே தெரு. பெயரைக் கேட்டுச் சிரித்தேன், ஓட்டுநர் சிரிக்கவில்லை. 1969 ஆகஸ்டில் இங்கிருந்த கத்தோலிக்கர் வீடுகளைப் புராட்டஸ்டண்ட் கும்பல் கொளுத்தியது. அடுத்த மாதமே பிரிட்டிஷ் ராணுவம் இரு தரப்புக்கும் நடுவே வேலி போட்டது, கொஞ்ச நாளைக்குத்தான் என்று. அதுதான் இன்று கான்கிரீட், மேலே தகரம், அதற்கும் மேலே கம்பிவலையாக நிற்கிறது. எறிகற்களுக்குப் பயந்து வீடுகளின் பின்பக்கத்தைக் கூண்டு போட்டு மூடியிருக்கிறார்கள். ஒரு கூண்டுக்குள் துணி காய்ந்துகொண்டிருந்தது. 2023க்குள் எல்லாச் சுவர்களையும் எடுத்துவிடுவதாக 2013இல் அங்குள்ள அரசு அறிவித்ததாம். "எடுத்தால் தூக்கம் வராது என்பவர்கள் இரண்டு பக்கமும் உண்டு" என்றார் ஓட்டுநர்.

1971 ஆகஸ்ட் 9 கதையை வண்டியை ஓரங்கட்டிச் சொன்னார், அருமை. விடியற்காலையில் ராணுவத்தினர் முந்நூற்றுச் சொச்சம் பேரை விசாரணையில்லாமல் அள்ளிப்போனார்கள். கிட்டத்தட்ட எல்லாரும் கத்தோலிக்கர். புராட்டஸ்டண்ட் தரப்பு ஆயுதக்குழுக்காரர் ஒருவர்கூட இல்லை. அவ்வருடம் பிடிபட்டவர்களில் பதினான்கு பேருக்கு முகமூடி, ஓயாத இரைச்சல், தூக்கமில்லை, சோறில்லை. 1978இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதை மனிதத்தன்மையற்ற, இழிவான நடத்தை என்றது. ஆனால் சித்திரவதை அல்லவாம். அந்த 'ஆனால்' எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

குறை ஒன்று. போலீஸை மாற்றிய கதைக்கு ஒரு சிக்னல் நேரம்தான் கிடைத்தது, அதுவும் நான் கேட்டதால். 2001 வாக்கில் போலீஸில் கத்தோலிக்கர் நூற்றுக்கு எட்டுப் பேர். அப்புறம் பத்து வருடம் புதிதாக எடுப்பவர்களில் பாதிக்குப் பாதி என்று விதி வைத்து, 2011இல் முப்பதுக்குப் பக்கம் கொண்டுவந்தார்கள். நம்மைப் பிடிக்க வருகிறவர்களில் நம்மாளும் இருக்கிறாரா என்பது சின்ன விஷயமா? சுவரோவியங்களுக்கு மட்டும் அரை மணி நேரம்.

கடைசியில் புராட்டஸ்டண்டுகள் வாழும் ஷாங்கில் பக்கம் போய், சுவரில் கையெழுத்துப் போட மார்க்கர் நீட்டினார். எல்லாரும் போட்டிருக்கிறார்கள். பின்னால் அந்தத் துணி காயும் வீடு. எனக்குக் கை வரவில்லை.

காலை நேரத்துக்கே புக் செய்யுங்கள். இருட்டினால் சுவரின் இடையே உள்ள கதவுகளைப் பூட்டிவிடுகிறார்கள்.