கிளான்சாவும் நானும்: யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடப் பாவனை

2014 ஆவணியில் கொழும்பில் இருந்து நானே ஓட்டிக்கொண்டு வந்த கார் இது. டொயோட்டா ஸ்டார்லெட் கிளான்சா வி, 1997ஆம் ஆண்டு வண்டி. அன்றைக்கு மீற்றர் 1,12,000 கிலோமீற்றர் காட்டியது. இப்போது இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. இடையில் இரண்டு தரம் விற்க நினைத்திருக்கிறேன். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்த நாளில் இருந்து வீட்டிலும் கராஜிலும் ஒரே கதைதான்: இன்னும் எவ்வளவு காசை இதற்குள் போடப் போகிறாய், புதுசாக ஒன்றை எடுக்கலாமே? பழையதைத் திருத்தியும் ஓட்டிவிட்டேன், புதியதையும் இரண்டு கிழமை வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு என் அனுபவம் உதவும்.

கிளான்சாவைத் தெரியாதவர்களுக்கு: ஸ்டார்லெட் வரிசையின் கடைசித் தலைமுறையில், 1996 முதல் 1999 வரை ஜப்பானில் விற்ற டர்போ வண்டி; டர்போ என்றால் எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அனுப்பும் விசிறி. 1331 சிசி எஞ்சின், 135 குதிரைவலு, எடை தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோ. கொக்குவில் ஒழுங்கைக்குள் மெதுவாகப் போகும்போது சாதாரண ஸ்டார்லெட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. எஞ்சின் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றைத் தாண்டினால் பொனற்றுக்குள் ஒரு விசில் எழும்பும். அரைச் செக்கன் ஒன்றும் நடக்காது. பிறகு ஆசனம் முதுகைப் பிடித்துத் தள்ளும். அந்த அரைச் செக்கன் காத்திருப்புக்காகத்தான் இதை வாங்கினேன். இன்றைக்கும் அது அலுக்கவில்லை.

பழைய காரைக் காப்பாற்றி வைத்திருப்பது எங்கள் ஊருக்குப் புதிது இல்லை. என் பெரியப்பா ஒஸ்ரின் ஏ40 வாடகைக் கார் ஓடியவர். தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கண்ணிலும் படாத காலத்தில் அதை மண்ணெண்ணெயில் ஓட்டினார். காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். பிளக் கரி பிடிக்கும். கழற்றித் துடைத்துப் பூட்டுவார். "சாமான் இல்லாட்டி என்ன, கை இருக்குத்தானே" என்பார். அவருக்குப் பக்கத்தில் இருந்து பார்த்து வளர்ந்தவன் என்பதால், கை இருந்தால் எந்தக் காரையும் எப்படியும் ஓட்டலாம் என்ற நம்பிக்கையோடுதான் கிளான்சாவையும் எடுத்தேன். ஏ40 எஞ்சின் அமுக்கம் குறைந்தது, எதையும் பொறுத்துக்கொள்ளும். டர்போ பூட்டிய எஞ்சின் அப்படிப் பொறுக்காது. அதை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

நான் செய்த பிழை, வேலைகளின் ஒழுங்கைத் தலைகீழாக்கியதுதான். வாங்கி ஆறு மாதத்துக்குள் சைலன்சரை மாற்றினேன். அடுத்து, கொழும்பில் ஒரு கராஜில், டர்போ அழுத்தத்தைக் கூட்டும் பூஸ்ட் கொன்ட்ரோலர் பூட்டினேன். டர்போ அழுத்தம் அளவுக்கு மேல் ஏறினால் எரிபொருளை வெட்டி எஞ்சினைக் காப்பாற்றும் ஏற்பாடு ஒன்றைக் கம்பனியே வைத்திருக்கிறது. பூட்டியவர்கள் அதையும் ஏமாற்றிவிட்டார்கள். நானும் தலையாட்டினேன். கார் பறந்தது, உண்மை. ஆனால் இந்தக் காரில், டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் எஞ்சினுக்கு மேலேயே படுத்திருந்தது. சித்திரை வெயிலில் திருநெல்வேலிச் சந்தியில் பத்து நிமிடம் நின்றால் எஞ்சின் சூட்டை அதுவே குடித்துவிடும். சூடான காற்றை இன்னும் அமுக்கி அனுப்பினால் பெற்றோல் நேரத்துக்கு முன்னமே வெடிக்கும். 95 ஒக்ரேன் பெற்றோல் எல்லாப் பெற்றோல் செட்டிலும் கிடைப்பதில்லை; 92 அடித்த நாட்களில் மேட்டில் ஏறும்போது தகரப் பேணிக்குள் பயறு குலுக்குவது போல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டும் ஓட்டினேன்.

2016 வைகாசியில் வவுனியா தாண்டி வரும்போது சூட்டு முள் மெதுவாக ஏறியது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லா வாகனமும் நிற்கும். கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டு போவார்கள். நானும் நின்றேன், ஆனால் அதற்குப் பிறகு கார் கிளம்பவில்லை. எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பார்த்தேன். கறுப்பாக வரவேண்டிய எண்ணெய் பால் தேத்தண்ணி நிறத்தில், நுரைத்து, கம்பியில் பிசின் போல ஒட்டியிருந்தது. எஞ்சினுக்குள் தண்ணீர் கலந்துவிட்டது. எஞ்சினின் மேல்தலைக்குக் கீழே தண்ணீரையும் எண்ணெயையும் பிரித்து வைக்கும் ஹெட் கஸ்கெற் போயிற்று. அன்றிரவு லொறி ஒன்றில் ஏற்றித்தான் கொக்குவிலுக்குக் கொண்டுவந்தேன்.

அடுத்த நாள் எங்கள் மெக்கானிக் அண்ணை முதலில் எஞ்சினைத் தொடவே இல்லை. றேடியேற்றரின் கீழ்க் குழாயைக் கழற்றி, வழிந்த தண்ணீருக்குக் கீழே உள்ளங்கையை ஏந்தினார். தண்ணீரோடு வெள்ளைச் செதில்கள் விழுந்தன. ஒன்றை விரலால் நசுக்கிக் காட்டினார். கேத்தில் அடியில் படியும் அதே சுண்ணாம்பு. "தம்பி, கிணத்துத் தண்ணியே விட்டனீர்?" என்று கேட்டார். ஓம், இரண்டு வருடமும் அதைத்தான் விட்டிருக்கிறேன். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல் நிலம்; அது கரைந்துதான் எங்கள் கிணறுகளுக்கு வருகிறது. சூடு படும் இடத்தில் படிந்துவிடும். றேடியேற்றரின் மெல்லிய குழாய்களில் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. அதன் மேல் பூஸ்டையும் ஏற்றி ஓட்டியிருக்கிறேன். உப்பும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர் உள்ள ஊரில் எந்தக் கார் வைத்திருந்தாலும் றேடியேற்றருக்குக் கூலன்ட் மட்டும் விடுங்கள். கலக்கத் தண்ணீர் வேண்டும் என்றால் பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீர். இதை ஒரு பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்கிறேன்.

அந்த வேலை ஏழு கிழமை இழுத்தது. ஹெட்டைக் கடைந்து சமன்படுத்தி, கஸ்கெற், தண்ணீர்ப் பம்ப், தேர்மோஸ்ரற், ரைமிங் பெல்ற் எல்லாம் மாற்றினோம். சாமான்களைக் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் தேடிப்பிடித்து இரவு பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். விடிய பஸ் நிலையத்தில் போய் எடுப்பேன். கார் வாங்கிய விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று அதற்குப் போனது. பெரிய அலுமினிய றேடியேற்றர் ஒன்றும், முன் பம்பருக்குள் காற்று படும்படி ஒரு இன்டர்கூலரும் வைத்தோம். பூஸ்ட் கொன்ட்ரோலரைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுக் கம்பனி அளவுக்கே திரும்பினேன். றேடியேற்றர், இன்டர்கூலர் ஆகிய இரண்டு மாற்றமும்தான் இத்தனை வருடத்தில் நான் செய்ததிலேயே நல்லவை. அதே 135 குதிரைவலு, ஆனால் பங்குனி வெயிலிலும் அது குறையாமல் கிடைக்கிறது. அதற்குப் பிறகு சூட்டு முள் நடுவைத் தாண்டியதில்லை.

சஸ்பென்சனை இறக்கிக் கட்டியதும் ஒரு வருடம்தான் தாங்கியது. எங்கள் ஒழுங்கைகளும் வேகத்தடைகளும் அதற்கு இடம் கொடுக்காது. பழைய உயரத்துக்குத் திரும்பி, நல்ல ஷொக் அப்சோபரும் எல்லா றப்பர் புஷ்களும் புதிதாகப் போட்டேன். இருபது வருடப் புஷ் காய்ந்து வெடித்திருக்கும், அது கண்ணுக்குத் தெரியாது. மாற்றிய அன்று பலாலி வீதியில் ஓட்டியபோது கையில் வேறு ஒரு கார் இருப்பது போல இருந்தது.

பிறேக்கைப் பற்றி ஒரு இரவுக்குப் பிறகு நான் விளையாடுவதில்லை. பரந்தன் தாண்டி ஆனையிறவுக்கு வரும் வழியில், எதிரே வந்த லொறியின் வெளிச்சம் விலகியதும் வீதியின் நடுவில் மாடு படுத்திருந்தது. நின்றுவிட்டேன், ஆனால் மாட்டுக்கும் எனக்கும் இடையில் ஒரு பாய் விரிக்கவும் இடம் இல்லை. பிறேக் எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய எண்ணெய் சூட்டில் கொதித்துப் பெடல் பஞ்சாகிவிடும். கடலோர ஊரில் இருக்கும் நாங்கள் அதை இரண்டு வருடத்துக்கு ஒருக்காலாவது மாற்றவேண்டும். நல்ல பாட், கம்பி பின்னிய குழாய், புது எண்ணெய்: சைலன்சருக்குப் போட்ட காசில் பாதி கூடப் போகாது.

துருதான் இன்னும் தீராத சண்டை. மூன்று வருடம் வேலணைக்கு வேலைக்குப் போய் வந்தேன். சோளகம் அடிக்கும் மாதங்களில் பண்ணைப் பாலத்தால் போனால் கண்ணாடியில் உப்புப் பூத்துவிடும். மேலே கழுவினேன், கீழே கழுவவில்லை. பின் சில்லு வளைவுகள் இரண்டையும் வெட்டித் தகடு வைத்து ஒட்டவேண்டி வந்தது. இப்போது மடு தோண்டிய இடத்தில் காரை ஏற்றி அடிப்பக்கத்தைத்தான் முதலில் கழுவுகிறேன், அதுவும் உவர் இல்லாத கிணற்றில்.

2022ஐ எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனி மாதம் 95 ஒக்ரேன் லீற்றர் 550 ரூபாவுக்குப் போனது. எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். கிளான்சா லீற்றருக்குப் பத்து, பதினொரு கிலோமீற்றர் ஓடும். பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டுச் சைக்கிளில் போனேன். பெரியப்பாவின் மண்ணெண்ணெய் வித்தையைச் சிலர் ஞாபகப்படுத்தினார்கள். இன்ஜெக்டரும் டர்போவும் உள்ள எஞ்சினில் அதைச் செய்தால் எஞ்சினைத் தூக்கி எறியவேண்டியதுதான். இறக்குமதி நின்றிருந்ததால் பழைய கார்களுக்கெல்லாம் அப்போது எக்கச்சக்க விலை. நான் வாங்கிய காசைப் போலப் பல மடங்கு தருவதாக ஒருவர் வந்தார். முற்பணம் வாங்கக் கை நீட்டிவிட்டு, வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

சரி, புதியது. வெள்ளவத்தையில் இருக்கும் மச்சானிடம் சுசுகி சுவிஃப்ட் ஸ்போர்ட் இருக்கிறது, 2017இல் வெளிவந்த மாதிரி. அவர் வெளிநாடு போனபோது இரண்டு கிழமைக்கு என்னிடம் விட்டுப் போனார். கடதாசியில் இரண்டு காரும் அண்ணன் தம்பி: 1.4 லீற்றர் டர்போ, 140 குதிரைவலு, 970 கிலோ. இருபது வருட இடைவெளியில் ஐந்து குதிரைதான் கூடியிருக்கிறது. ஆனால் இழுவையைப் பாருங்கள். கிளான்சாவின் உச்சம் 157 நியூட்டன் மீற்றர், அதற்கு 4800 சுற்றுக்குப் போகவேண்டும். சுவிஃப்ட் 2500 சுற்றிலேயே 230 தருகிறது. ஏ9 வீதியில் மணல் ரிப்பர் லொறியை முந்த நான் பழக்கத்தில் கியரைக் குறைக்கக் கை வைத்தேன். அதற்குள் கார் முந்திவிட்டது. மாங்குளம் வெயிலில் ஏசி முழுதாகப் போட்டும் அது சோரவில்லை. லீற்றருக்குப் பதினைந்து கிலோமீற்றர் போல ஓடியது.

அந்த விசில் வரும் அரைச் செக்கன் மட்டும் அதில் இல்லை. ஸ்ரேரிங்கும் வீதியைப் பற்றி அவ்வளவாகக் கைக்குச் சொல்வதில்லை. கிளான்சாவில் ஒரு சின்னக் கல்லில் ஏறினாலும் எந்தச் சில்லு என்று தெரியும். இதெல்லாம் எனக்குப் பெரிய விசயம், மறைக்கவில்லை.

ஆனாலும் என் மனத்தை மாற்றியது இழுவை இல்லை. பின் ஆசனத்தில் குழந்தை ஆசனத்தைக் கொளுவும் ஐசோஃபிக்ஸ் கொக்கி, சறுக்கினால் ஒவ்வொரு சில்லாகப் பிடித்து நேராக்கும் மின்னணுக் கட்டுப்பாடு, மோதினால் மடியவேண்டிய இடத்தில் மடியும் உடற்கட்டு. மகளைப் பின்னால் இருத்திப் பூட்டிவிட்டு மனைவி சொன்னார்: "இதிலை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் போறதெண்டாலும் எனக்குப் பயமில்லை." பதினொரு வருடத்தில் கிளான்சாவுக்கு அவர் அப்படிச் சொன்னதில்லை. றேடியேற்றரையும் பிறேக்கையும் பஞ்சிகாவத்தையில் வாங்கலாம். உடற்கட்டை எந்தக் கராஜும் பூட்டித் தராது.

அப்படியென்றால் சுவிஃப்ட் ஸ்போர்ட்டை வாங்கினேனா? இல்லை. சுங்க வரி, சிசிக்கு ஏற்ற உற்பத்தி வரி, அதற்கு மேல் 18 சதவீத வற் வரி என்று எல்லாம் சேர்ந்த விலைக்கு இங்கே ஒரு துண்டுக் காணி பார்க்கலாம். பிழை வந்தால் கணினி பூட்டிப் பார்க்கக் கொழும்புக்கு ஓடவேண்டிய நிலையும் இருக்கிறது. கிளான்சாவுக்கு டர்போ சம்பந்தப்பட்ட சாமான்தான் கஷ்டம். மற்றதில் நிறைய சாதாரண ஸ்டார்லெட்டோடு பொதுவானது, எங்கள் அண்ணையின் கைக்குள் அடங்கும். வீட்டுக்கு 2018 டொயோட்டா விற்ஸ் ஒன்று எடுத்தோம், பாவித்தது. ஏ9இல் மகள் அதில்தான் வருவாள். அதில் நான் ஒரு ஆணியையும் மாற்றப் போவதில்லை.

கிளான்சா தேடுபவர்களுக்கு: பூஸ்ட் கூட்டிய வண்டி என்று பெருமையாகச் சொன்னால் விலகி நடவுங்கள். றேடியேற்றர் மூடியைத் திறந்து விரல் விட்டுப் பாருங்கள். பின் வளைவுகளில் காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடத்தில் உள்ளே துருவை மறைக்கப் பூசிய பட்டிதான். எஞ்சின் மாற்றியிருந்தால் அது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவில் ஏறியிருக்கிறதா என்று புத்தகத்தில் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

என்னுடையது இப்போது விடிய ஸ்ராட் பண்ணும்போது மெல்லிய நீலப் புகை விடுகிறது. டர்போவின் சீல் தேய்ந்துவிட்டது என்கிறார் அண்ணை. திருத்தும் கிற் கொழும்பில் கிடைத்துவிட்டது, இரவு பஸ்ஸில் வருகிறது. மார்கழி விடுமுறைக்குக் கழற்றுகிறோம்.