பிரான்சு மாப்பிள்ளை: கல்யாணம் இங்கேயா, அங்கேயா?

புதுச்சேரியில் வரன் பேசும்போது "மாப்பிள்ளைக்கு நேஷனாலிட்டி இருக்கு" என்றால், எந்த நாட்டு நேஷனாலிட்டி என்று யாரும் கேட்பதில்லை. 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே ஏராளம். கடலூர்ப் பக்கமிருந்தும் அந்த வீடுகளுக்குப் பெண் கொடுக்கிறார்கள். ஆனால் பிரான்சில் வேலை பார்ப்பவரெல்லாம் பிரெஞ்சுக் குடிமகன் இல்லை. பெண் வீட்டார் ஜாதகத்தோடு பாஸ்போர்ட்டையும் கேட்டுப் பார்த்துவிடுவது நல்லது. விசா வழியே அதை வைத்துத்தான் பிரிகிறது.

பிரெஞ்சு பாஸ்போர்ட் என்றால், இங்கே கல்யாணம் முடித்துவிட்டு விசா கேட்பதுதான் என் தேர்வு. இந்த விசாவுக்குக் கட்டணம் கிடையாது. மாப்பிள்ளையின் சம்பளம் இவ்வளவு இருக்க வேண்டும் என்ற வரம்பும் இல்லை. மோசடித் திருமணம், ரத்தான திருமணம், பொது ஒழுங்குக்கு அச்சுறுத்தல் போன்ற காரணங்கள் இருந்தால்தான் மறுக்க முடியும். போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இணையத்தில் விசாவைப் பதிந்துகொண்டால் அதுவே ஓராண்டுக்குக் குடியிருப்பு அனுமதி. வேலைக்கும் போகலாம்.

சிக்கல் வருவது வரிசை மாறும்போது. கல்யாணத்துக்கு முன்பே கான்சுலேட்டில் திருமணத் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அதற்காக அறிவிப்பு பத்து நாள் ஒட்டப்படும். இருவரையும் கூப்பிட்டுத் தனித்தனியாக விசாரிக்கவும் செய்யலாம். நம் ஆட்களோ மாப்பிள்ளையின் லீவைப் பார்த்து முகூர்த்தம் குறித்து, மண்டபத்துக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டுத்தான் பேப்பரைப் பற்றியே யோசிப்பார்கள். சான்று இல்லாமல் தாலி கட்டி, இங்கே பதிவும் செய்துவிட்டால், அந்தத் திருமணத்தைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றுவதற்கு முன் விசாரணை வரும். சந்தேகம் வலுத்தால் விவகாரம் அரசு வழக்கறிஞரிடம் போகும்; அவர் முடிவெடுக்க ஆறு மாதம் வரை எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பதிவேட்டில் ஏறாத வரை விசாவுக்கும் வழியில்லை. மாப்பிள்ளை லீவு முடிந்து பறந்திருப்பார், பெண் அம்மா வீட்டில் இருப்பாள். பிறப்புச் சான்றில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே குடும்பப்பெயர் என்று இருந்தால் அதையும் இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள்.

பெண்ணைக் குறுகிய கால விசாவில் அழைத்துப் போய் அங்கே மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) முடிப்பது இன்னொரு வழி. சுருக்குவழி மாதிரி தெரியும். அங்கேயே மணந்துகொண்டு, ஆறு மாதம் கணவரோடு சேர்ந்து வாழ்ந்ததற்கு ஆதாரம் காட்டினால், ஊருக்குத் திரும்பாமலே அனுமதி கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் கையில் இருக்கும் விசாவோ அதிகபட்சம் 90 நாள்தான். மீதி மாதங்களைப் பேப்பர் இல்லாமல், வேலைக்கும் போக முடியாமல் கழிக்க வேண்டும். "அதெல்லாம் சமாளிச்சுக்கலாம்" என்று சொல்கிற பெரியப்பாக்கள் அந்த மாதங்களில் கூட வந்து இருக்கப்போவதில்லை. மாப்பிள்ளையின் உறவு முழுவதும் பாரிசில் இருந்தாலொழிய இதில் லாபம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. அப்படியே செய்தாலும், மேரியில் முடித்துவிட்டு ஊர் திரும்பி, இங்கிருந்து நீண்டகால விசா கேட்பதே மேல்.

மாப்பிள்ளை இந்தியப் பாஸ்போர்ட்டோடு, குடியிருப்பு கார்டில் அங்கே இருப்பவர் என்றால் கதையே வேறு. அது குடும்ப இணைப்பு, அதாவது அங்கே குடியிருப்பவர் தன் மனைவியைக் கூட்டிக்கொள்ள அனுமதி கேட்கும் வழி. அவர் 18 மாதம் சட்டப்படி அங்கே வாழ்ந்திருக்க வேண்டும், கடந்த 12 மாதச் சராசரி வருமானம் குறைந்தபட்ச ஊதியத்துக்காவது இருக்க வேண்டும், பாரிஸ் போன்ற இடங்களில் தம்பதிக்கு 22 சதுர மீட்டர் வீடாவது வேண்டும். மனு போடுவது பெண் அல்ல, அவர். பதிலுக்கு ஆறு மாதக் கெடு. பதிலே வராவிட்டால் மறுப்பு என்று அர்த்தம். ஐந்தாறு நண்பர்களோடு அறையைப் பகிர்ந்து இருக்கும் மாப்பிள்ளை என்றால், நிச்சயதார்த்தத்திலேயே வீட்டைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். சாஃப்ட்வேர், ஆராய்ச்சி வேலைகளில் 'டேலண்ட்' கார்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்த அலைச்சல் கிடையாது. மனைவிக்கு நேரடியாகக் குடும்ப விசா, வேலை உரிமையோடு.

எந்த வழியானாலும் காத்திருக்கும் மாதங்களில் அலியான்ஸ் பிரான்சேஸின் பிரெஞ்சு மொழி வகுப்பில் சேர்ந்துவிடலாம். முன்பெல்லாம் பத்தாண்டுக் குடியிருப்பு கார்டுக்கு ஏ2 என்ற மொழித்தேர்ச்சி நிலை போதுமாக இருந்தது. 2026 ஜனவரியிலிருந்து அதற்கு அடுத்த நிலையான பி1 கேட்கிறார்கள்.