சென்னையிலிருந்து பழைய சிறை பார்க்க: பெங்களூரா, அந்தமானா, சங்காரெட்டியா?

பார்க் டவுனில் 1837-ல் கட்டிய மத்திய சிறை நின்றிருந்தால் இந்த ஒப்பீட்டுக்கே வேலை இருந்திருக்காது. அந்தமானுக்குக் கப்பலேற்ற வேண்டிய கைதிகளை அடைத்துவைத்த இடம் அது. நெருக்கடி நிலையில், விசாரணையின்றிச் சிறைவைக்கும் மிசா சட்டத்தில் மு.க. ஸ்டாலினும் தி.மு.க.வின் சிட்டிபாபுவும் அடைபட்டதும் அங்கேதான். 2006-ல் கைதிகளைப் புழலுக்கு மாற்றினார்கள். 2009-ல் சில நாள் மக்களை உள்ளே விட்டுக் காட்டிவிட்டு இடித்தார்கள். நிலம் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனது. ஆக, சிறை பார்க்க ஆசைப்படும் சென்னைக்காரர் ஊர் தாண்டத்தான் வேண்டும்.

செலவு குறைவு பெங்களூருதான். காலை வந்தே பாரத்தில் நான்கரை மணி நேரம். மெஜஸ்டிக் பகுதியிலுள்ள பெங்களூரு ரயில் நிலையத்தில் இறங்கி ஊதா வழித்தட மெட்ரோவில் அடுத்த நிறுத்தமான விஸ்வேஸ்வரய்யா நிலையம், அங்கிருந்து சேஷாத்ரி சாலைக்கு நடை. 1867-ல் கட்டிய மத்திய சிறை, கைதிகள் பரப்பன அக்ரஹாரச் சிறைக்குப் போன பிறகு, 2008-ல் ஃப்ரீடம் பார்க் ஆனது. நடுவில் கண்காணிப்புக் கோபுரம், அதைச் சுற்றி விரியும் கொட்டடிகள், முகப்பு வாயில் எல்லாம் நிற்கின்றன. ஒரு கோபுரத்திலிருந்து மொத்தச் சிறையையும் எப்படிக் கண்ணில் வைத்தார்கள் என்பதைப் புத்தகமே இல்லாமல் இங்கே புரிந்துகொள்ளலாம். நெருக்கடி நிலையில் வாஜ்பாயும் அத்வானியும் அடைபட்டிருந்த சிறை இது. ஆனால் பொருட்கள் என்று பார்த்தால் வெறுமைதான். கைதியின் அன்றாடத்தைச் சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. இன்னொரு விஷயம்: நகரில் போராட்டம் நடத்த ஒதுக்கிய இடமும் இதுதான். பெரிய பேரணி நாளில் போனால் சாலையிலேயே பாதி நேரம் போய்விடும். முதல் நாள் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். (சிறையாக இருந்த இடம் முழக்கமிடும் இடமானது, மூன்றில் எனக்குப் பிடித்த மாற்றம்.)

அந்தமான் செல்லுலார் சிறை வேறு ரகம். 1896-ல் தொடங்கி 1906-ல் முடித்தார்கள்: நடுக்கோபுரம், அதிலிருந்து ஏழு கிளைகள், மூன்று தளம், கிட்டத்தட்ட 700 தனியறைகள். ஒரு கிளையின் முகம் அடுத்த கிளையின் முதுகைத்தான் பார்க்கும். எதிரே இருப்பவனோடு சைகை பேசக்கூட வழியில்லை. ஒரு அறை சுமார் நான்கரை மீட்டர் நீளம், 2.7 மீட்டர் அகலம், கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு காற்றுத்துளை. அவசரப்பட்டு வெளியே வந்துவிடாமல் கதவை உற்றுப் பாருங்கள்: தாழ்ப்பாளின் கொண்டி கதவில் இல்லை, தள்ளிப் போய்ச் சுவரில் குடைந்த குழிக்குள் விழுகிறது. கம்பி வழியே எவ்வளவு கை நீட்டினாலும் பூட்டைத் தொட முடியாது. கட்டியவர்களின் மனசு அந்த ஒரு அடி தூரத்தில்தான் இருக்கிறது.

ஏழில் இன்று நிற்பவை மூன்றே. 1941 நிலநடுக்கம், அடுத்து ஜப்பானியர் பிடியிலிருந்த காலம், சுதந்திரத்துக்குப் பிறகு நாமே இடித்தது என்று மற்றவை போயின. அந்த இடத்தில் கோவிந்த் பல்லப் பந்த் மருத்துவமனை நிற்கிறது. மாடியில் ஏறிப் பார்த்தால் காணாமல் போன கிளைகளின் திசை பிடிபடும். சிறை நிலம் மருத்துவத்துக்குப் போவது சென்னைக்கு மட்டும் நேர்ந்ததில்லை. மிச்சத்தை 1979-ல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்ததால் தப்பியது.

இங்கே பயணம் கெடுவது பெரும்பாலும் நேரக் கணக்கில். சென்னையிலிருந்து விமானம் இரண்டேகால் மணி நேரம் போல ஆகும். காலையில் இறங்கி, அறை எடுத்து, சாப்பிட்டுவிட்டுப் போனால் மதிய இடைவேளையில் வாயில் மூடியிருக்கும். மறுபடி திறந்ததும் மாலைக்குள் முடித்துவிடுவார்கள். அங்கே சூரியன் ஐந்து, ஐந்தரைக்கே விழுந்துவிடும். காலை திறக்கும்போதே நுழைந்து, காட்சிக்கூடம், தூக்குமேடை, அறைகள், மாடி என்ற வரிசையில் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். இரவு ஒலி-ஒளிக் காட்சி திறந்தவெளியில் நடப்பது, எனவே மழைக்காலத்தில் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. காட்சி இந்தி மொழியிலா, ஆங்கிலத்திலா என்று சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், இந்திக் காட்சிக்கு வாங்கிவிட்டு முழிக்கும் நம்மூர்க் குடும்பங்கள் உண்டு. முட்டிவலிக்காரர்களுக்கு மேல்தளப் படிகள் சிரமம். கீழ்த்தள அறைகளே போதும். கப்பலில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: அறுபது மணி நேரத்துக்குக் குறையாது, திரும்பும் தேதியும் கையில் இருக்காது.

சங்காரெட்டி, ஹைதராபாத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். 1796-ல் எழுந்த கட்டடம், 2016-ல் அருங்காட்சியகமாயிற்று. 500 ரூபாய் கட்டி 24 மணி நேரம் கைதி உடையில் உள்ளே கிடக்கும் திட்டத்தால் பெயர் வாங்கியது. இதற்கென்று ஹைதராபாத் போவதை நான் சொல்ல மாட்டேன். விரும்பும்போது வெளியே வரலாம் என்று தெரிந்த அறை சிறையாகாது. அந்தப் பக்கம் போகும் வேலை இருந்தால், திட்டம் இப்போது நடக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு பாருங்கள்.

ஒரு நாள்தான் இருக்கிறது, கட்டட அமைப்பு புரிந்தால் போதும் என்றால் பெங்களூரு. தனியறை என்ற தண்டனை என்னவென்று பார்க்க அந்தமானுக்கு மாற்று கிடையாது. எங்கே போவதானாலும் முதலில் கிண்டி காந்தி மண்டபத்துக்கு ஒரு நடை போய்விடுங்கள். கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு அங்கேதான் இருக்கிறது. அந்தமானில் செக்கிழுக்கும் ஒரு கைதி நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டித் தர வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தார்கள். நம் அளவில் பதின்மூன்றரைக் கிலோ. அந்தச் செக்கைப் பார்த்துவிட்டுப் போனால் இந்த எண் வெறும் எண்ணாக இருக்காது.