முட்டை கிடந்த செடியா, தாய் தேர்ந்த செடியா?

தெற்கு இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுகளில் சில்வர் ஸ்பாட்டட் ஸ்கிப்பர் என்றொரு சின்னப் பட்டாம்பூச்சி உண்டு. அங்கே அது ஷீப்ஸ் ஃபெஸ்கியூ என்ற புல்லில்தான் முட்டையிடும், ஒரு நேரத்தில் ஒன்றாக. குன்று முழுக்க அந்தப் புல் இருந்தாலும், தாய்ப் பூச்சி தேடுவது குட்டையான, பக்கத்தில் வெறும் மண் தெரிகிற கொத்தைத்தான். மண் சூடேறினால் முட்டைக்குக் கதகதப்பு. 1953இல் மிக்சோமடோசிஸ் என்ற முயல் நோய் வந்து முயல்கள் செத்துப்போக, மேய ஆளில்லாமல் புல் நெடுநெடுவென வளர்ந்தது. பல குன்றுகளில் புல் அப்படியே இருந்தது, பூச்சியைக் காணோம். தாய் எந்தக் கொத்தைத் தேர்ந்தெடுக்கும் என்பதைக் கணிக்கப் பல புள்ளியியல் மாடல்கள் உண்டு; எதை எடுப்பது என்பதுதான் இங்கே கேள்வி.

ஆய்வாளர்கள் திரட்டிய 1982 தரவில், சுமார் 41 சதவீதம் வெறும் மண் உள்ள இடமே முட்டையிட மிக உகந்ததாகத் தெரிந்தது. 2001, 2002 தரவில் அது 21 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. இடையில் கோடை சூடாகியிருந்தது. சூடான நேரத்தில் பெண் பூச்சி குளிர்ந்த இடத்தையும், குளிர்ந்த நேரத்தில் சூடான இடத்தையும் நாடுவதையும் கண்டார்கள். இந்த மாற்றத்தைப் பிடிக்குமா என்பதுதான் மாடலைத் தேர்ந்தெடுக்க என் அளவுகோல்.

எல்லோரும் முதலில் எடுப்பது சாதாரண லாஜிஸ்டிக் ரிக்ரஷன், அதாவது ஆம்/இல்லை என்ற விடையின் வாய்ப்பைக் கணிக்கும் முறை. முட்டை உள்ள கொத்து 1, குத்துமதிப்பாக எடுத்த வேறு கொத்து 0. இந்தப் பூச்சியின் முட்டை குளிர்காலம் முழுக்கப் புல்லிலேயே இருப்பதால் நிதானமாகத் தேடலாம். உகந்த அளவு நடுவில் எங்கோ இருப்பதால் வெறும் மண் அளவின் வர்க்கத்தையும் (அதை அதாலேயே பெருக்கியது) சேர்க்க வேண்டும். குறை என்னவென்றால், எத்தனை 0 எடுப்பது என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம். அதனால் ‘இந்தக் கொத்தில் முட்டையிட 30 சதவீத வாய்ப்பு’ என்று மாடல் சொன்னால் அதற்குப் பொருளில்லை, ஒன்றோடொன்று ஒப்பிட மட்டுமே உதவும். அப்புறம், கிடைத்த முட்டை எந்த வெப்பத்தில் இட்டது என்று தெரியவே தெரியாது.

அதே முறையின் இன்னொரு வடிவம் கண்டிஷனல் லாஜிஸ்டிக். இதில் பூச்சியின் பின்னாலேயே நடக்க வேண்டும். அது முட்டையிட்டதும் அந்தக் கொத்தையும், சுற்றி ஓரிரு மீட்டருக்குள் அது விட்டுவிட்ட சில கொத்துகளையும் உடனே அளக்க வேண்டும். ஒப்பீடு அந்தத் தொகுப்புக்குள்ளேயே நடக்கும். குன்று, நேரம், அன்றைய வெப்பம் எல்லாம் பொதுவாக இருப்பதால் கணக்கிலிருந்து கழிந்துவிடும். ‘வெப்பமே கழிந்தால் அதன் விளைவை எப்படிப் பார்ப்பது?’ என்று பலரும் இங்கே பின்வாங்குகிறார்கள். வெப்பம் தனியாகத்தான் கழிகிறது. வெப்பத்தையும் வெறும் மண்ணையும் பெருக்கிய உறுப்பு கழியாது, ஏனென்றால் மண் அளவு கொத்துக்குக் கொத்து மாறுகிறது. நமக்கு வேண்டியதும் அதுதான்: சூடு ஏற ஏற மண்மேல் உள்ள நாட்டம் குறைகிறதா? கொத்துகள் ஒரே சரிவில் இருந்தால் சரிவின் திசையைப் பற்றி எதுவும் தெரியாது, அது இதன் விலை. ஒரே பூச்சி ஐந்து முட்டை இட்டால், அவற்றை ஐந்து தனிப் பூச்சிகளின் முடிவுகளாக எண்ணவும் கூடாது.

எண்ணிக்கை மாடல்கள், அதாவது பாய்சான், நெகட்டிவ் பைனாமியல், இந்தப் பூச்சிக்கு அதிகம் சேர்க்காது. பெரும்பாலான கொத்துகள் 0, சிலவற்றில் 1. நம் வீட்டுக் கறிவேப்பிலையில் எலுமிச்சை அழகி இடும் முட்டைகளுக்கு இது பொருந்தும். துளிர்களின் எண்ணிக்கையை ஆஃப்செட்டாக வைத்தால், அதாவது துளிருக்கு எத்தனை முட்டை என்று கணக்கிட்டால், பெரிய செடி என்பதால் கிடைக்கும் கூடுதல் முட்டைகளைப் பிரித்துவிடலாம். பின்லாந்தின் ஓலாந்து தீவுகளில் உள்ள கிளான்வில் ஃபிரிட்டில்லரி என்ற பட்டாம்பூச்சியோ நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை ஒரே கொத்தாக இடும். அங்கே முட்டைகளை எண்ணினால் ஒரு முடிவு நூறு முடிவாகிவிடும், எண்ண வேண்டியது முட்டைக் கொத்துகளை.

பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் ரேண்டம் ஃபாரஸ்ட், வளைவுகளைத் தானாகவே பிடிக்கும். ஆனால் ஒரே குன்றின் கொத்துகள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்தால் துல்லியம் பொய்யாக ஏறும். முழுக் குன்றையே ஒதுக்கிவைத்துச் சோதிக்க வேண்டும். பார்த்திராத வெப்பத்துக்கு அதை நீட்டவும் முடியாது. 1982 தரவு மட்டும் இருந்தால் 2001க்கு அது உதவியிருக்காது.

குளிர்காலத்தில் இரண்டு பேர் மட்டும் தேடுவதென்றால், குன்றுக்குக் குன்று உள்ள வேறுபாட்டை ரேண்டம் எஃபெக்டாகச் சேர்த்து முதல் முறையான லாஜிஸ்டிக் ரிக்ரஷனையே எடுப்பேன். பூச்சி பறக்கும் ஆகஸ்ட் மாதமும் அதன் பின்னால் நடக்க ஆட்களும் கிடைத்தால் கண்டிஷனல் லாஜிஸ்டிக்தான். மேய்ச்சலைத் திட்டமிடுபவர் கையில் 41 என்ற ஒற்றை எண்ணைக் கொடுப்பதற்கும், எந்த வெப்பத்துக்கு எவ்வளவு மண் வேண்டும் என்ற கோட்டைக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்துக்காக அந்த நடையை நடக்கலாம்.