இடித்த நிலையத்துக்கு எந்த ரயில் முதலில் திரும்ப வேண்டும்? கொலம்பஸ் நகரின் இரு வழித்தடங்கள்

அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத் தலைநகரான கொலம்பஸில் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். சுற்றுவட்டாரத்தையும் சேர்த்தால் அந்த எண்ணிக்கை 20 லட்சத்தைத் தாண்டும். இருந்தும், அங்கிருந்து வெளியூருக்குச் செல்ல ஒரு பயணிகள் ரயில்கூடக் கிடையாது. நியூயார்க்குக்கும் கான்சஸ் சிட்டிக்கும் இடையே ஓடிய 'நேஷனல் லிமிடெட்' 1979 அக்டோபரில் நிறுத்தப்பட்டதோடு அந்த ஊரின் ரயில் பயணமே முடிந்துபோனது.

நிலையம் அதற்கு முன்பே பறிபோகத் தொடங்கிவிட்டது. டேனியல் பர்னம் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் 1890களில் வடிவமைத்த யூனியன் ஸ்டேஷனின் முகப்பு, ஹை ஸ்ட்ரீட் ஓரமாகத் தொடர் வளைவுகளோடு நின்றிருந்தது. தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் இடம்பெற்றிருந்தும் அதை 1976 அக்டோபரில் இடித்தார்கள். பழங்கட்டடப் பாதுகாப்பு ஆர்வலர்கள் நீதிமன்றத் தடையோடு வந்தபோது மிஞ்சியது ஒரே ஒரு வளைவுதான். அது பின்னர் இடம் மாற்றப்பட்டு, இப்போது மெக்ஃபர்சன் காமன்ஸ் பூங்காவின் புல்வெளியில் தனியாக நிற்கிறது. நிலையம் இருந்த இடத்தில் மாநாட்டு மையம் எழும்பியது. சரக்கு ரயில்கள் மட்டும் அதே தடத்தில் இன்றும் போய்வருகின்றன.

2023 டிசம்பரில் அமெரிக்க மத்திய அரசின் ரயில்வே நிர்வாகம், பயணிகள் சேவைக்கான திட்டமிடலுக்குத் தேர்ந்தெடுத்த வழித்தடங்களில் இரண்டு கொலம்பஸ் வழியாகச் செல்பவை. ஒன்று கிளீவ்லாந்து, கொலம்பஸ், டேட்டன், சின்சினாட்டி ஆகிய நான்கு ஊர்களையும் இணைக்கும் '3சி&டி'. மற்றொன்று சிகாகோவிலிருந்து ஃபோர்ட் வேன், கொலம்பஸ் வழியாகப் பிட்ஸ்பர்க் வரை செல்லும் 'மிட்வெஸ்ட் கனெக்ட்'. இரண்டுக்கும் தலா 5 லட்சம் டாலர் முதற்கட்ட நிதி கிடைத்தது. இரண்டும் வேண்டியவைதான். ஆனால் மாநிலத்தின் பணமும் பொறுமையும் அளவோடு இருக்கும்போது எது முந்த வேண்டும் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது.

முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதில்தான் இரண்டுக்கும் இடையிலான பெரிய வேறுபாடு அடங்கியிருக்கிறது. 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 750 மைலுக்குக் குறைவான வழித்தடங்களில் தேசியப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் ரயில் ஓடினால் அதன் இயக்கச் செலவை மாநிலங்களே ஏற்க வேண்டும். சுமார் 400 கி.மீ. நீளமுள்ள 3சி&டி முழுவதும் ஓஹாயோவுக்குள்ளேயே இருப்பதால், ஒரே ஆளுநரும் ஒரே சட்டமன்றமும் ஒப்புக்கொண்டால் போதும். மிட்வெஸ்ட் கனெக்டும் 750 மைலுக்குள்தான் வருகிறது; அதனால் இல்லினாய், இண்டியானா, ஓஹாயோ, பென்சில்வேனியா ஆகிய மாநிலங்கள் செலவைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அவற்றில் ஒன்று தயங்கினாலும் கணக்கு முழுவதும் குலைந்துவிடும்.

ஒரே மாநிலத்தின் கையில் இருப்பது பலமாவதைப் போலவே பலவீனமாகவும் ஆகலாம் என்பதற்கு ஓஹாயோவே சாட்சி. இதே கிளீவ்லாந்து–சின்சினாட்டி தடத்துக்காக ஒபாமா அரசு ஒதுக்கிய 40 கோடி டாலரை, 2010 நவம்பரில் ஆளுநராகத் தேர்வான ஜான் கேசிக் வேண்டாம் என்று மறுத்தார். பணம் பிற மாநிலங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ரயிலின் சராசரி வேகம் மணிக்கு 39 மைல் என்று வெளியான முதல் மதிப்பீடு அத்திட்டத்தின் மீது அழியாத கறையாக ஒட்டிக்கொண்டது. பிறகு 50 மைல் எனத் திருத்திக் காட்டியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆண்டுக்குச் சுமார் 1.7 கோடி டாலர் என்று சொல்லப்பட்ட இயக்க மானியத்துக்காக, ஒரு தலைமுறைக்கான வாய்ப்பைத் தள்ளிவிட்டது பெரும் பிழை என்றே கருதுகிறேன்.

தண்டவாளத்தைப் பொறுத்தவரை மிட்வெஸ்ட் கனெக்டுக்கு ஓர் அனுகூலம் உண்டு. கொலம்பஸுக்குக் கிழக்கே செல்லும் 'பேன்ஹேண்டில்' பாதையின் பெரும்பகுதி ஓஹாயோ மாநிலத்துக்கே சொந்தம். 3சி&டியோ சிஎஸ்எக்ஸ், நார்ஃபோக் சதர்ன் ஆகிய இரு பெரும் சரக்கு நிறுவனங்களின் தடங்களை நம்பியிருக்கிறது. அங்கே ஒவ்வொரு ரயிலுக்கான நேரத்துக்கும் பேரம் பேசியாக வேண்டும். ஆனால் பேன்ஹேண்டில் பாதை பென்சில்வேனியாவுக்குள் நுழைந்ததும் தண்டவாளமே இல்லை. பெயர்த்தெடுத்த இடம் இன்று நடைபயணிகளும் மிதிவண்டிக்காரர்களும் பயன்படுத்தும் பாதையாகிவிட்டது. பிட்ஸ்பர்க்கை அடைய வேறு தடத்தில் சுற்றிச் செல்ல வேண்டும் என்பதால் அந்த அனுகூலமும் பாதியாகக் குறைகிறது.

இந்தப் பாதைக்கு வியப்பூட்டும் ஒரு பழங்கதை உண்டு. 1929-இல் நியூயார்க்கில் இரவு ரயில் ஏறியவர்கள் மறுநாள் காலையில் கொலம்பஸ் விமான நிலையத்தை ஒட்டியே இறங்கி, ஃபோர்டு விமானத்தில் மேற்கே பறந்தார்கள். பகலில் விமானமும் இரவில் ரயிலுமாகக் கண்டத்தைக் கடக்கும் ஏற்பாடு அது. விமான நிலையத்தருகே நிலையம் அமைத்தால் என்ன என்ற யோசனைக்கு அந்த நினைவு வலுச்சேர்க்கலாம். ஆனால் அங்கே மிட்வெஸ்ட் கனெக்டின் கிழக்குக் கிளை மட்டுமே தொடும். வடக்கே கிளீவ்லாந்துக்கும் மேற்கே டேட்டனுக்கும் செல்லும் தடங்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

பயணிகளின் கோணத்தில் பார்த்தால் 3சி&டி தெளிவாக முந்துகிறது. கொலம்பஸிலிருந்து கிளீவ்லாந்து சுமார் 230 கி.மீ.; சின்சினாட்டி சுமார் 170 கி.மீ. விமானத்தில் போக முடியாத குறைந்த தூரம். காரில் தினமும் போய்வர அலுப்பூட்டும் நெடிய தூரம். ரயிலுக்கென்றே அளந்து வைத்தது போன்ற இடைவெளி இது. கிளீவ்லாந்துக்கு வரும் ஆம்ட்ராக் ரயில்கள் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் வருகின்றன. சின்சினாட்டிக்கு வாரம் மூன்று முறை மட்டும் 'கார்டினல்' வருகிறது, அதுவும் ஊர் உறங்கும் நேரத்தில். ஆகவே 3சி&டியில் பகல் நேரத்தில் சில ரயில்கள் ஓடினாலே கொலம்பஸோடு சேர்த்து மூன்று ஊர்களின் குறையும் தீரும். மிட்வெஸ்ட் கனெக்டின் பெரும் ஈர்ப்பு சிகாகோ. அங்கே போய்ச் சேர்ந்தால் நாடு முழுவதற்குமான இணைப்பு கிடைக்கும். 1990 முதல் ரயிலின்றிக் கிடக்கும் ஃபோர்ட் வேனுக்கும் வாழ்வு வரும். ஆனால் அந்தப் பலன் கைக்கு வர வெகுகாலம் ஆகும்.

எனவே 3சி&டிக்கே முதலிடம் என்பது என் தீர்ப்பு. ஆயினும் நிலையம் எங்கே என்பதை இரண்டு வழித்தடங்களுக்குமாகச் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். இரண்டும் தவறாமல் சந்திக்கும் இடம் பழைய யூனியன் ஸ்டேஷன் தடம்தான். இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஸ்நோ ஹில் நிலையம் 1972-இல் மூடப்பட்டு 1977-இல் இடிக்கப்பட்டது. அதன் சுரங்கப்பாதை அழியாமல் இருந்ததால் 1987-இல் அதே இடத்தில் மீண்டும் ரயில் நின்றது. நாட்டிங்காமின் விக்டோரியா நிலையமோ வணிக வளாகமாகி, கடிகாரக் கோபுரத்தை மட்டும் விட்டுவைத்தது. ரயில் திரும்பவே இல்லை. கொலம்பஸில் தண்டவாளம் இருக்கிறது. ஆனால் அதன் ஓரத்து நிலத்தில் இன்னொரு கட்டடம் எழுந்தால் நடைமேடைக்கு இடம் மிஞ்சாது. மத்திய நிதியின் அடுத்த கட்டத்துக்கு உள்ளூர்ப் பங்காக 10 சதவீதமும், பொறியியல் வடிவமைப்புக் கட்டத்துக்கு 20 சதவீதமும் தர வேண்டியிருக்கும். அந்தத் தொகையை ஒதுக்கும்போதே, மாநாட்டு மையத்தையொட்டி இரு நடைமேடைகளுக்கான நிலத்தை வேறு எதற்கும் விடுவதில்லை என்று நகராட்சி தீர்மானம் நிறைவேற்றிவிட வேண்டும்.