ஜிடிஏ ஆன்லைன், தனியாளுக்கு: எந்தத் தொழிலை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது

ஆபீஸ் முடிந்து, சாப்பிட்டுவிட்டு, ராத்திரி ஒன்றரை மணி நேரம் உட்காருகிற ஆள். கூட ஆட யாருமில்லை, யாரோடும் வம்புக்குப் போகிற ஆசையும் இல்லை. இப்படிப்பட்டவருக்கு ஜிடிஏ ஆன்லைன், அதாவது ஜிடிஏ-வின் இணைய ஆட்டம், சரிப்படுமா? 2022 ஜூலைக்கு முன்னால் கேட்டிருந்தால் வேண்டவே வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். இப்போது தாராளமாக ஆடலாம். ஆனால் ஆட்டத்துக்குள் போன் அடித்துப் போன் அடித்து உங்கள் தலையில் கட்டப் பார்க்கும் தொழில்களில் பல இன்னமும் தனியாளுக்குப் பொறிதான். எது பொறி, எது நல்லது என்று பிரித்துச் சொல்லத்தான் இது.

பழைய கதையை ஒரு தடவை பார்த்துவிடுவோம், இன்றைய குறைகளுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. 2016-ல் வந்த அப்டேட்டில் சிஇஓ, அதாவது கம்பெனி முதலாளி, ஆகிக் கிடங்கு வாங்கும் வசதி கிடைத்தது. பெரிய கிடங்கு என்றால் 111 பெட்டி. ஒரு ஓட்டத்துக்கு அதிகபட்சம் 3 பெட்டி, அதற்கு விலை 18,000 ஜிடிஏ டாலர். நிரப்ப 37 ஓட்டம், முதலீடு 6,66,000. நிரம்பிய கிடங்கின் விலை 22 லட்சத்துக்கும் மேல். இவ்வளவும் சேர்த்த பிறகு, விற்பதை மட்டும் பப்ளிக் லாபியில்தான் (முன்பின் தெரியாதவர்களும் சேர்ந்து ஆடும் இடம்) செய்தாக வேண்டும் என்று விதி. விற்பனையைத் தொடங்கியதும் லாபியில் இருக்கிற அத்தனை பேருக்கும் தகவல் போகும், வரைபடத்தில் உங்கள் வண்டி எங்கே என்று தெரியும். உங்களுக்குக் கிடைத்த வண்டி டக் படகாக இருந்தால் அது கரை சேர்வதற்குள் ஊரே கூடிவிடும். சிஇஓ வேலை ஓடும்போது, மற்றவர்கள் தாக்க முடியாதபடி வைக்கும் பேசிவ் மோடும் கிடையாது.

இதைப் பிவிபி (ஆளுக்கு ஆள் மோதும் சண்டை) என்று சொல்வதே தப்பு. ஒருத்தர் கையில் லாரி ஸ்டியரிங், இன்னொருத்தர் கையில் குறி தேடிப் போகும் ஏவுகணை. சரக்கு போனால் உங்களுக்குப் பல மணி நேர உழைப்பு போச்சு. அடித்தவருக்குக் கிடைப்பது சில்லறை. தோற்றாலும் அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, அடுத்த நிமிஷம் பக்கத்துத் தெருவில் எழுந்து மறுபடி வருவார். இரண்டு பக்கமும் எதையாவது பணயம் வைத்தால்தான் அது போட்டி. 2018-ல் ஒப்பிரஸர் மார்க் 2 என்ற பறக்கும் பைக் வந்த பிறகு கொஞ்சநஞ்ச நியாயமும் போனது. லாபியை விட்டு மற்றவர்களைக் கழற்றிவிட, விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து ஆட்டத்தைப் பத்து நொடி நிறுத்தி வைக்கிற குறுக்குவழியை அந்தக் காலத்தில் பலரும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். ஆட்டத்தை ஆடுவதற்கு ஆட்டத்தையே நிறுத்த வேண்டியிருந்தது!

2022 ஜூலை 26 அன்று வந்த ‘கிரிமினல் என்டர்பிரைசஸ்’ அப்டேட் இந்த விதியை எடுத்துவிட்டது. இப்போது நீங்கள் அழைத்தவர் மட்டும் வரக்கூடிய இன்வைட் ஒன்லி செஷனிலேயே சரக்கு வாங்கலாம், விற்கலாம். அதே அப்டேட்டில் மார்க் 2-வின் ஏவுகணைகள் குறி தேடிப் போகும் திறனைக் குறைத்தார்கள், பின்னர் விலையையும் 80 லட்சத்துக்கு ஏற்றினார்கள். கணினியில் ஆடுபவர்களுக்கு 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் வந்தது, ஆட்டத்தை மாற்றி ஏமாற்றும் மாடர்கள் தொல்லை நன்றாகவே குறைந்தது. (லினக்ஸிலும் ஸ்டீம் டெக்கிலும் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு அன்றோடு ஆன்லைன் கதவு மூடியது. அது தனி வயிற்றெரிச்சல்.)

உள்ளே போகும் வழி: ஸ்டோரி மோடில் இருந்து பாஸ் மெனு, ஆன்லைன், ‘ப்ளே ஜிடிஏ ஆன்லைன்’, அதற்குள் ‘இன்வைட் ஒன்லி செஷன்’. அவசரத்தில் ‘கோ’வை அழுத்தினால் பப்ளிக் லாபிதான். சில ஜாப் முடிந்து வெளியே வரும்போதும், குறிப்பாக வேறொருவர் நடத்திய ஜாப் என்றால், ஆட்டம் உங்களைச் சொல்லாமல் கொள்ளாமல் பப்ளிக் லாபியில் இறக்கிவிடும். விற்பனையைத் தொடங்குமுன் கீபோர்டில் இசட் தட்டி ஆட்கள் பட்டியலைப் பாருங்கள். உங்கள் பெயர் மட்டும் இருந்தால் சரி. பப்ளிக்கில் விற்றால் ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ப போனஸ் உண்டு என்று திரையில் ஆசை காட்டும். ஒரு தடவை சரக்கு எரிந்தால் பல தடவை வாங்கிய போனஸும் போய்விடும். கணக்குக்கு ஒத்துவராது.

சரி, சண்டைக்காரர்கள் போய்விட்டார்கள். மிஷன்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. நாலு பேர் கும்பலாக வருவார்கள் என்று நினைத்து எழுதிய மிஷன்களைத் தனியாளிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு பைக்கர் தொழில்களின் (மோட்டார் பைக் கும்பல் தலைவராகி நடத்துபவை) போஸ்ட் ஓபி என்கிற கூரியர் வேன் விற்பனைதான் உதாரணம். சரக்கு அதிகமானால் வண்டியும் அதிகமாகும். தனியாள் என்று தெரிந்தாலும் குறையாது. நாலு போஸ்ட் ஓபி வேன் வந்தால் ஒவ்வொன்றையும் ஐந்து இடத்துக்கு ஓட்ட வேண்டும், முடித்துவிட்டுத் திரும்பி வந்து அடுத்த வேனை எடுக்க வேண்டும், மேலே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வேன் ஏற்றத்தில் போகிற வேகத்தைப் பார்த்தால் நம்மூர் தண்ணி லாரி தேவலை. தனியாக இதை முடிப்பது நடக்காத காரியம். சண்டை இல்லை, எதிரி இல்லை, சரக்கு மட்டும் போகிறது.

இதைச் சமாளிக்க இரண்டு வழி. சரக்குப் பட்டையில் உள்ள ஐந்து கட்டங்களில் ஒன்று நிரம்பியதுமே விற்றுவிட்டால் பெரும்பாலும் ஒரே வண்டிதான் வரும். அப்படியும் போஸ்ட் ஓபி வந்து நின்றால், எதையும் டெலிவரி செய்யாமல் உடனே புது செஷனுக்கு மாறுங்கள். சரக்கில் கொஞ்சம் கழியும், மீதி கிடங்கில் இருக்கும், அடுத்த தடவை வேறு வண்டி வரலாம். இதை ‘டிப்’ என்று யூடியூபில் சொல்லித் தருகிறார்கள். மிஷனை முடிப்பதைவிட ஓடிப்போவது லாபம் என்றால் குறை மிஷனில்தான்.

கேயோ பெரிக்கோவுக்கு வருவோம். 2020 டிசம்பரில் வந்த இந்த ஹைஸ்ட்தான் (பெரிய கொள்ளைத் திட்டம்) முழுக்கத் தனியாளாக முடிக்கக்கூடிய முதல் ஹைஸ்ட். இதற்குத் தேவையான கொசாட்கா நீர்மூழ்கி 22 லட்சம். ஒவ்வொரு தடவையும் தொடங்க 25,000. தீவுக்கு ஒரு தடவை உளவு பார்க்கப் போய், தகவல் தொடர்புக் கோபுரத்தில் ஹேக் செய்து என்ன பொருள் என்று பார்த்து, தேவையான சாமான்களைச் சேகரித்து, வடிகால் சுரங்கத்தின் கம்பியை அறுத்து உள்ளே போகலாம். பொருளை எடுத்ததும் கப்பல் துறைக்கோ விமான ஓடுதளத்துக்கோ ஓட வேண்டியதில்லை. பாறையில் இருந்து கடலில் குதித்துத் தீவை விட்டு நேராக நீந்திக்கொண்டே இருந்தால் போதும், மிஷன் முடிந்துவிடும். நன்றாக யோசித்து வைத்த ஹைஸ்ட், மறுக்க முடியாது.

ஆனால் உள்ளே ஒரு இடத்தில் பழைய புத்தி எட்டிப் பார்க்கிறது. மாளிகை வளாகத்தின் சேமிப்பறைகளில் தங்கம் இருக்கும். கதவுக்கு இரண்டு பக்கமும் கார்டு தேய்க்கும் கருவி, இரண்டு பேர் ஒரே நேரத்தில் தேய்த்தால்தான் திறக்கும். கண்ணெதிரே கம்பிக்கு அந்தப் பக்கம் தங்கம் அடுக்கியிருக்கும், தனியாளால் தொட முடியாது. இதாவது பரவாயில்லை, துணையோடு வருபவருக்குக் கூடுதல் பலன் என்று விட்டுவிடலாம். 2022 அப்டேட்டில் சேர்த்ததுதான் மன்னிக்க முடியாதது. இரண்டு பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து முடித்தால் அடுத்த ஹைஸ்டுக்கு 48 நிமிஷம் காத்திருந்தால் போதும். தனியாக முடித்தால் 144 நிமிஷம். பப்ளிக் லாபியில் இருந்து விடுதலை கொடுத்த அதே கை, தனியாகச் சம்பாதிப்பவருக்கு மூன்று மடங்கு காத்திருப்பையும் கொடுத்தது. ராத்திரி ஒன்றரை மணி நேரம் ஆடுபவருக்கு ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் நடக்காது.

2015-ல் வந்த முதல் ஐந்து ஹைஸ்டுகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதலாவதான ஃப்ளீக்காவுக்கு இரண்டு பேர் போதும், மற்ற நாலுக்கும் சரியாக நாலு பேர் வேண்டும், மூன்று பேர் இருந்தாலும் தொடங்காது. ‘கிரிமினல் மாஸ்டர்மைண்ட்’ சவாலுக்கு ஒரு கோடி பரிசு: ஹைஸ்டுகளை வரிசையாக, ஹார்ட் மோடில், அதே நாலு பேர், யாரும் ஒரு தடவைகூடச் சாகாமல். கடைசி ஹைஸ்டில் ஒருத்தருக்கு நெட் போய் கார் கவிழ்ந்தால் நாலு பேரும் முதலில் இருந்து. நண்பர்களை இழக்க நல்ல வழி.

பிவிபி பின்வாசல் வழியாக இன்னும் வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். தினமும் கிடைக்கும் 3 தினசரி இலக்குகளில், ஆட்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளும் டெத்மேட்சில் கலந்துகொள்ளச் சொல்லி வரும். நம் நேரத்தில் அதற்கு ஆள் சேர்வதே பெரும்பாடு. ஆட்டத்தில் கார் பிரியர்கள் கூடும் எல்எஸ் கார் மீட்டில் பரிசுக் கார் வேண்டுமென்றால், குறிப்பிட்ட ரேஸ் வகையில் முன்னணி இடத்தைத் தொடர்ந்து சில நாள் பிடிக்க வேண்டும், அதுவும் மற்ற ஆட்களோடுதான். இரண்டையும் கண்டுகொள்ளாமல் விடலாம், வருமானம் பாதிக்காது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆட்டத்தில் குழந்தைகள் வாரத்தின் ‘ஸ்கூல் ஆஃப் ஹார்ட் நாக்ஸ்’ சாதனைக்காக அநாதைக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு நாலு போர்க்களத்தில் இறங்கிக் கொடி பிடிக்க வேண்டியிருந்ததே, அதோடு ஒப்பிட்டால் இது லேசு. கடற்கொள்ளை ஆட்டமான சீ ஆஃப் தீவ்ஸ் 2023 டிசம்பரில் ‘சேஃபர் சீஸ்’ என்று சண்டையில்லாக் கடலைத் திறந்தபோது அங்கே கிடைக்கும் தங்கத்தை 30 சதவீதமாக வெட்டிவிட்டது. ஜிடிஏ அந்த வெட்டை வைக்கவில்லை, அது பெரிய விஷயம்.

எதை வாங்குவது? கையில் காசே இல்லாமல் தொடங்குபவர் முதலில் ‘க்ளக்கின் பெல் ஃபார்ம் ரெய்டு’ ஆடுங்கள். எந்தச் சொத்தும் வேண்டாம், தனியாக முடிக்கலாம், சுமார் 5 லட்சம் வரும். அடுத்து ‘ஃபர்ஸ்ட் டோஸ்’ மிஷன்கள் ஆறு. முடித்தால் பிரிக்கேட் லாரி இலவசம், அதற்குள் ஆசிட் லேப் கருவிகளுக்கு 7,50,000. விற்பனைக்கு எவ்வளவு சரக்கு இருந்தாலும் ஒரே வண்டி. தனியாளை மனதில் வைத்து வடிவமைத்த தொழில் இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம். பிறகு கொசாட்கா. அதன் 144 நிமிஷ இடைவெளியை நிரப்ப ஆட்டோ ஷாப் ஒப்பந்தங்கள் பொருத்தம்: இரண்டு சின்னத் தயாரிப்பு, ஒரு கடைசி மிஷன், அதில் யூனியன் டெபாசிட்டரி வந்தால் 3 லட்சம்.

நைட்கிளப் கடைசியில். அதன் கிடங்கில் என்ன இருந்தாலும் ஒரே வண்டிதான்: 90 பெட்டி வரை ஸ்பீடோ, 180 வரை மியூல், அதற்கு மேல் பவுண்டர். பவுண்டர் ஆமை வேகம், அதனால் 180-ஐத் தாண்டவிடாதீர்கள். பைக்கர் தொழில்களை நைட்கிளப்புக்குச் சரக்குத் தருவதற்காக மட்டும் வாங்கலாம், நேரடியாக விற்க வேண்டாம். பெரிய கிடங்கு வேண்டாம். தள்ளுபடிகள் வாராவாரம் வியாழன் பிற்பகலில் மாறும், அதுவரை பொறுத்து வாங்கினால் லட்சக்கணக்கில் மிச்சம்.

சென்னையில் இருந்து ஆடுபவர்களுக்கு நெட் பற்றி. இந்த ஆட்டத்தின் லாபி ஆட்களின் கணினிகளை நேராக ஒன்றோடொன்று இணைக்கும் முறை. நண்பரின் லாபிக்குள் நுழைய முடியாமல் ‘என்ஏடி ஸ்ட்ரிக்ட்’ என்று வந்தால் ரூட்டர் பக்கத்தில் வான் ஐபியை (நெட் கம்பெனி உங்கள் ரூட்டருக்குக் கொடுத்த முகவரி) பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்கு (பல வீடுகள் ஒரே பொது ஐபியைப் பகிரும் முறை) பின்னால் இருக்கிறீர்கள், வீட்டு பிராட்பேண்ட் பலவற்றில் இதுதான் நிலை. அப்போது யூடிபி 6672, 61455 முதல் 61458 வரை போர்ட்களைத் திறந்துவிட்டும் பயனில்லை. மாதக் கட்டணம் கட்டி ஸ்டாடிக் ஐபி வாங்க வேண்டும், இல்லையென்றால் ஓப்பன் என்ஏடி உள்ள நண்பர் ஹோஸ்ட் செய்ய வேண்டும். தனியாக இன்வைட் ஒன்லியில் ஆடுவதற்கு இந்தத் தலைவலி கிடையாது.

மின்சாரம் இன்னொன்று. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மதியம் 2 வரை நிறுத்துவது முன்கூட்டியே தெரியும், கோடை ராத்திரியில் திடீரென்று போவதுதான் சிக்கல். இன்வெர்ட்டர் இருந்தும் மாறும் அந்த ஒரு நொடியில் ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகி ஆட்டம் துண்டிக்கும். ரிச்சி தெருவில் கிடைக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றை ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்துப் போடுங்கள். வாங்குமுன் இரண்டின் அடாப்டரிலும் எத்தனை ஆம்பியர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேயோ ஹைஸ்டின் கடைசி மிஷனில் நெட் போனால் தயாரிப்புகள் அப்படியே இருக்கும், திட்டப் பலகையில் இருந்து மறுபடி தொடங்கலாம். தயாரிப்பு மிஷன் பாதியில் போனால் அந்த ஒன்றை மட்டும் திரும்ப ஓட வேண்டும்.