டிரங்குப் பெட்டியும் தரமணி நூலகமும்

வெளிநாட்டிலிருந்து சென்னைக்கு வருகிறவர்கள் தி. நகர், மாமல்லபுரம், காஞ்சிபுரம் என்று ஒரு பட்டியலோடு வருவோம். அதில் தரமணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அங்கே இருக்கிறது. பறக்கும் ரயிலில் திருவான்மியூரில் இறங்கினால் ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். மத்திய பாலிடெக்னிக் வளாகத்துக்குள் போக வேண்டும்.

நான் இருப்பது சிகாகோ பக்கம், சொந்த ஊர் காரைக்குடி. இந்த இரண்டு ஊரையும் சேர்த்து முடிச்சுப் போட்டது இந்த நூலகம். காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததை, அவர் 1992இல் காலமான பிறகு, 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. வாங்கியதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விடவில்லை. 'மொழி' என்ற அறக்கட்டளையோடு சேர்ந்து சென்னையிலேயே ஒரு நூலகமாக அமைத்தார்கள். பக்கம் பக்கமாக மைக்ரோஃபிலிமில் படமெடுத்தார்கள். படச்சுருள் சிகாகோவுக்குப் போகும், காகிதம் தமிழ்நாட்டிலேயே இருக்கும் என்பது ஏற்பாடு. நம்முடைய பழைய பொருள்கள் எத்தனையோ கடல் கடந்து போய் அங்கேயே தங்கிவிட்டன. அதை நினைத்தால், இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களுக்கு எழுந்து நின்று கும்பிடு போடத் தோன்றுகிறது.

முத்தையா செட்டியார் பேராசிரியர் அல்ல, சைன்போர்டு எழுதுகிற ஓவியர். சென்னை மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் அலைந்து வாங்கியவர். அந்த மூர் மார்க்கெட் 1985இல் தீயில் போயிற்று. அதற்கு முன்பே அங்கிருந்து அவர் கைக்கு வந்தவை பிழைத்தன. அவர் சேர்த்ததில் எனக்கு ஆச்சரியம் தருவது எண்ணிக்கை இல்லை. எது உசத்தி, எது மட்டம் என்று அவர் பிரித்துப் பார்க்காததுதான். சங்க இலக்கியப் பதிப்பும் இருக்கும், காலணாப் பாட்டுப் புத்தகமும் இருக்கும். மருத்துவ நூல், சமையல் நூல், சோதிடம், நாடக நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ், பத்திரிகைத் துணுக்கு எல்லாம் அவருக்கு ஒன்றுதான். பல்கலைக்கழக நூலகங்கள் 'சிறப்புத் தொகுப்பு' என்று தனிப் பிரிவு வைத்து, ஆள் போட்டுத் தேடுகிற சரக்கு இது. ஒரு மனிதர் தன் கைக்காசில் அதைச் செய்திருக்கிறார்.

சரி, போகிறவர்களுக்குப் பயன்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். நேரே போய் நிற்காமல், கிளம்புவதற்கு முன்பே என்ன தேடுகிறீர்கள் என்று மின்னஞ்சல் எழுதிவிடுவது நல்லது. 'பழைய புத்தகம் பார்க்க வேண்டும்' என்று எழுதினால் யாருக்கும் உதவ முடியாது. நான் 1920, 30களில் செட்டிநாட்டுப் பக்கம் நடந்த நாடகங்களின் நோட்டீஸ், அதே காலத்து உள்ளூர் இதழ்கள் என்று குறிப்பாக எழுதினேன். அடையாள அட்டையும் பாஸ்போர்ட் நகலும் கையில் இருக்கட்டும். அலமாரிக்குப் போய் நாமே புரட்டுகிற நூலகம் இல்லை இது. கேட்டதை எடுத்துவந்து தருவார்கள். பேனாவை வெளியே வைத்துவிட்டுப் பென்சிலோடு உட்காருங்கள். இந்தப் பழக்கம் எந்த ஊர்ச் சிறப்புத் தொகுப்புக்குப் போனாலும் உதவும்.

பட்டியலில் தேடுவதற்கும் ஒரு வழி இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களின் பட்டியலில் தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஏற்றுவதற்கென்று ஒரு முறை உண்டு. நாம் பாஸ்போர்ட்டில் எழுதுகிற மாதிரி அதில் இருக்காது. சுப்பிரமணியத்தை ஆங்கில 'எஸ்' (S) போட்டுத் தேடினால் கிடைக்காமல் போகலாம், 'சி' (C) போட்டால் வரும். தமிழ் எழுத்திலும் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.

என் முன்னால் வந்த நோட்டீஸ் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளங்கை இரண்டு அகலம், ரோஸ் நிறக் காகிதம் வெளுத்துப் பழுப்பேறியிருந்தது. மேலே சாமி துணை, அதற்குக் கீழே ஸ்பெஷல் நாடகம் என்று கொட்டை எழுத்து. அப்புறம் நடிகர்களின் பெயர், ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டம். ஆர்மோனியத்துக்குத் தனி வரி, மிருதங்கத்துக்குத் தனி வரி. கீழே டிக்கெட் விவரம்: நாற்காலி, பெஞ்சு, தரை, ஸ்திரீகளுக்குத் தனி இடம். நாடகப் பிரதி எத்தனையோ அச்சில் இருக்கிறது. ஆனால் அந்த ராத்திரி யார் தரையில் உட்கார்ந்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்பது இந்தத் துண்டுக் காகிதத்தில் மட்டும்தான் கிடைக்கும். நாடகம் முடிந்ததும் தூக்கிப் போடுவதற்கென்றே அச்சடித்தது அது.

அந்தக் காலத்து மலிவுக் காகிதம் மரக்கூழில் செய்தது. அதிலுள்ள அமிலமே அதைத் தின்றுவிடும். ஓரம் பழுப்பாகும், பிறகு மடித்த இடத்தில் அப்பளம்போல ஒடியும். அதனால்தான் படமெடுத்து வைப்பதும், அமிலமில்லாத உறையில் போடுவதும், குளிரும் ஈரப்பதமும் ஒரே அளவில் இருக்கிற அறையில் வைப்பதும். சென்னைக் கடற்கரைக் காற்றில் இதைச் செய்வது சாமானிய வேலை இல்லை. கரண்டு செலவு ஒன்றே போதும், இதற்கெல்லாம் ஏன் நன்கொடை கேட்கிறார்கள் என்று புரிய. காட்சிக்கு வைப்பதிலும் கணக்கு உண்டு. பழைய காகிதத்தின்மேல் படுகிற வெளிச்சம் 50 லக்ஸை (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டக்கூடாது என்பது காப்பகத்தார் பொதுவாகப் பின்பற்றும் அளவு. மாதக்கணக்கில் ஒரே பக்கத்தைத் திறந்து வைக்கவும் கூடாது. கண்காட்சியில் நாம் அசலைப் பார்க்காமல் நகலைப் பார்க்க நேர்ந்தால் குறைப்பட வேண்டாம். அசல் நம் பேரப்பிள்ளைகளுக்காக உள்ளே இருக்கிறது.

எல்லா இடமும் இப்படி இல்லை. தென் மாவட்டத்தில் ஒரு கல்லூரி நூலகம், பெயர் வேண்டாம். அவர்களே அச்சிட்ட பட்டியலில் இருந்த இதழ்த் தொகுதிகளைத் தேடிப் போனேன். சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருந்தார். மறுநாள் வந்தார், அறையைத் திறந்தார், ஜன்னல் வழியாக மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது. கீழ்த்தட்டு முழுக்க ஒட்டிப்போய்ச் செங்கல்லாக இருந்தது. அந்த உதவியாளர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு இது மூன்றாவது கூடுதல் பொறுப்பு. ஜன்னலுக்கு ஒரு கண்ணாடி போட ஆளில்லாத நிர்வாகத்தின்மேல்தான் கோபம், அது இன்னும் அடங்கவில்லை.

சென்னையில் நேரம் இருப்பவர்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தையும் பாருங்கள். 1869இல் தொடங்கியது, கிழக்கிந்தியக் கம்பெனி நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகள் அங்கே உண்டு. பெசன்ட் நகரில் 1943இல் நிறுவிய உ.வே.சா. நூலகம் இருக்கிறது. நான் இரண்டிலும் அவசரமாகத் தலையைக் காட்டியதோடு சரி.

நான் தரமணிக்குப் போனதற்குக் காரணம் ஒரு டிரங்குப் பெட்டி. காரைக்குடி வீட்டைப் பங்காளிகள் விற்பது என்று முடிவாகிவிட்டது. தேக்குச் சாமான், பித்தளை, கண்ணாடிப் படம் எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. இரண்டாங்கட்டு அறையில் இருந்த தகரப் பெட்டியை மட்டும் யாரும் கேட்கவில்லை. "வெறும் காகிதந்தான் தம்பி, பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடுவோம்" என்றார் பெரியப்பச்சி, அதாவது என் பெரியப்பா. திறந்து பார்த்தால், பர்மாவுக்குக் கொண்டுவிக்க (தொழில் செய்ய) போயிருந்த ஐயா, அதாவது தாத்தா, காலத்துச் சமாச்சாரம் அத்தனையும் இருக்கிறது. ரங்கூனில் தமிழில் அச்சடித்த கோயில் திருவிழா அறிவிப்பு, கல்யாண வாழ்த்துப் பாக்கள், சீர் எழுதிய சிட்டைகள், ஓர் இசைகுடிமானம் (நகரத்தார் கல்யாண ஒப்பந்த ஓலை), பஞ்சாங்கங்கள், சொ. முருகப்பா நடத்திய 'குமரன்' இதழ்கள் சில, ராய. சொ. (ராய. சொக்கலிங்கம்) ஆசிரியராக இருந்த 'ஊழியன்' இதழ் ஒன்றிரண்டு.

நூலகத்தில் கேட்டேன். பெட்டியோடு கொண்டுவந்து இறக்க வேண்டாம், முதலில் ஒரு பட்டியல் போட்டுக் கொடுங்கள், இங்கே இல்லாதது எது என்று பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். நியாயமான பேச்சு. பெரியப்பச்சி மகள் செல்பேசியில் ஒவ்வொன்றையும் முகப்பிலேயே வெயில் படாமல் வைத்துப் படமெடுத்தாள். நான் தலைப்பு, அச்சகம், ஊர், ஆண்டு என்று நான்கு கட்டம் போட்டு எழுதினேன். கிளிப்பும் குண்டூசியும் துருப்பிடித்து எழுத்தைத் தின்றிருந்தன. அவற்றை மெதுவாக எடுத்துவிட்டோம். செல்லோடேப் எதிலும் ஒட்டவில்லை, நீங்களும் ஒட்டாதீர்கள். பாச்சை உருண்டையும் வேண்டாம். குடும்பக் கணக்கு நோட்டுகளை வெளியார் பார்க்கலாமா என்று பங்காளிகளுக்குள் பேச்சு எழுந்தது. உயிரோடு இருப்பவர்களின் கடன் விவரம் உள்ள நோட்டுகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுப்பது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

பதிப்புரிமை பற்றிச் சிலர் கேட்பார்கள். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. ஆசிரியர் பெயரே இல்லாத நோட்டீசுக்கும் வாழ்த்துப் பாவுக்கும் வெளியான ஆண்டிலிருந்து 60. எங்கள் பெட்டியில் இருந்த அச்சுக் காகிதம் பெரும்பாலும் அந்தக் கணக்கைத் தாண்டியது.

பட்டியலை அனுப்பியாயிற்று, பதில் வந்ததும் பெரியப்பச்சி வீட்டுப் பிள்ளைகள் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இதற்குள் அவர் தேவகோட்டைச் சம்பந்தி வீட்டிலும் சொல்லி வைத்துவிட்டார். அங்கே மாடியில் இரண்டு அலமாரி நிறைய இருக்கிறதாம், தை பிறந்ததும் வீடு கைமாறுகிறது. மார்கழி விடுமுறைக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள், பட்டியல் போட நேரமும் பொறுமையும் உள்ளவர்கள், எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.